அகதி முகாமில் பெண் கல்வி: தடை எங்கே இருக்கிறது?

“பெற்றோர் அனுப்புவதில்லை, அதனால் பெண்பிள்ளைகள் படிப்பதில்லை.” அகதி முகாம்களில் பெண் கல்வி பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. சொல்வதற்கு எளிதான காரணம் இது. கேட்பவருக்கு ஒரு வகை நிம்மதியையும் தருகிறது. குறை வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ இருக்கிறது என்று ஆகிவிடுகிறதல்லவா? ஆனால், வங்காளதேசத்தின் காக்ஸ் பசார் முகாம்களில் கடந்த சில ஆண்டுகளாக நடந்து வருவதை உற்றுநோக்கினால், இக்காரணம் பாதி உண்மைதான் என்பது விளங்கும். மறுபாதி, வீட்டு வாசலுக்கும் வகுப்பறைக்கும் இடையில் கிடக்கிறது. அந்தப் பாதியைச் சரிசெய்ய முடியும் என்பது என் கருத்து.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாளுக்குப் பின், சில மாதங்களுக்குள் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து 700,000க்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை கடந்து வங்காளதேசத்தில் தஞ்சம் புகுந்தனர். அதற்கு முன்பே வந்து தங்கியிருந்தவர்களையும் பின்னர் வந்தவர்களையும் சேர்த்தால் இன்று அங்குள்ளோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டுகிறது. உக்கியா, தெக்னாஃப் என்னும் இரு வட்டாரங்களின் குன்றுச் சரிவுகளில் 33 முகாம்கள் அமைந்துள்ளன. அவற்றுள் குத்துப்பாலோங் பகுதி, உலகின் மிகப் பெரிய அகதிக் குடியிருப்பு எனக் கருதப்படுகிறது. அங்கு வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களைத் தம் சொந்த நாட்டிலேயே நாடற்றவர்களாக ஆக்கிவிட்டது. ஆகவே, திரும்பிப் போக ஒரு நாடும், தங்கி வாழ ஒரு நாடும் இல்லாத நிலையில் ஒரு தலைமுறை வளர்ந்து வருகிறது.

இவர்களுடைய வருகை தற்காலிகமானது என்பது புகலிடம் தந்த அரசின் நிலைப்பாடு. அந்நிலைப்பாட்டிலிருந்தே கல்வி தொடர்பான எல்லா விதிகளும் பிறந்தன. முகாம் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிகளில் சேர முடியாது. வங்காளதேசக் கலைத்திட்டத்தையும் பயில முடியாது. நிலையான கட்டடம் எழுப்பவும் அனுமதி இல்லை. மூங்கில் தட்டியும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய ஒற்றை அறைகள் ‘கற்றல் நிலையங்கள்’ என்று பெயர் பெற்றன. நாள் முழுவதும் பள்ளி நடத்த இடம் போதாமையால், ஒரே அறையில் பிள்ளைகள் பிரிவு பிரிவாக வந்து இரண்டு மூன்று மணி நேரம் படித்துவிட்டுச் சென்றனர். முதல் சில ஆண்டுகளில் முறையான தேர்வோ சான்றிதழோ இல்லை. இந்நிலை ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பொதுவானது. சிறு வயதில் இருபாலரும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையிலேயே அந்த அறைகளில் அமர்ந்திருந்தனர்.

பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் கணக்கு மாறுகிறது. பெண்பிள்ளை பருவமெய்தியதும் வெளியே செல்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது ரோஹிங்கியா மக்களிடையே வலுவாக வேரூன்றிய வழக்கம். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இருப்பினும், அவ்வழக்கம் முகாமில் ஏன் இவ்வளவு இறுகிவிட்டது என்று கேட்க வேண்டும். ஊரில் இருந்தபோது அண்டை வீடுகளில் பெரும்பாலும் உறவினர்களே இருந்தனர். முகாமிலோ ஒரு குடிசையின் சுவரும் அடுத்த குடிசையின் சுவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால், அந்த அடுத்த குடிசையில் இருப்பவர் வேறு ஊரிலிருந்து வந்த, முன்பின் அறியாதவர். சந்து போன்ற பாதையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வந்துபோகின்றனர். ஆள்கடத்தல்காரர்கள் முகாமுக்குள் நடமாடுகிறார்கள் என்னும் அச்சம் வெறும் வதந்தியன்று. ஒரு தாய் தன் மகளை வீட்டில் நிறுத்திக்கொள்ளும்போது வழக்கத்திற்குக் கட்டுப்படுவதோடு, ஆபத்தையும் எடைபோட்டுப் பார்க்கிறாள். அவள் இடத்தில் இருந்தால் நாமும் அப்படித்தான் எடைபோடுவோம்.

அந்தப் பாதையை மேலும் சற்று நினைத்துப் பாருங்கள். குன்றின் சரிவில் மண்மூட்டைகளை அடுக்கிப் படிகள் அமைத்திருக்கிறார்கள். பருவமழை தொடங்கிவிட்டால் அவை சேறாகிவிடும். சில இடங்களில் நிலச்சரிவு ஏற்படும். 2021 மார்ச் 22ஆம் நாள் பாலுக்காலி முகாம் பகுதியில் பரவிய தீ ஏறத்தாழ 45,000 பேரின் இருப்பிடங்களை அழித்தது. கற்றல் நிலையங்களும் எரிந்தன. இத்தகைய பாதையைக் கடந்து சென்றாலும், வகுப்பில் இருப்பவர் ஆண் ஆசிரியராக இருக்கலாம். பக்கத்தில் அமர்ந்திருப்போர் ஆண்பிள்ளைகளாக இருக்கலாம். தூய்மையான, தாழிடக்கூடிய கழிப்பறை அருகில் இல்லையென்றால் மாதவிடாய் நாள்களில் அவள் எப்படிப் போவாள்? மாதத்தில் நான்கைந்து நாள் போகாதவள் பாடத்தில் பின்தங்குவாள். பின்தங்கியவளை வீட்டில் நிறுத்துவது மேலும் எளிதாகிவிடும்.

ஆசிரியைகள் ஏன் குறைவு என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ராக்கைனில் ரோஹிங்கியாப் பெண்களுள் தொடக்கப்பள்ளிக்கு மேல் படித்தவர்கள் மிகச் சிலரே. 2012ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின்னர் இம்மக்களின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. சித்துவே பல்கலைக்கழகத்தின் கதவும் ரோஹிங்கியா மாணவர்களுக்கு அடைக்கப்பட்டது. அன்று அம்மாவுக்கு மறுக்கப்பட்ட படிப்பு, இன்று மகளுக்கு ஆசிரியை இல்லாத வகுப்பாக வந்து நிற்கிறது. ஆசிரியை இல்லையென்பதால் மாணவி வருவதில்லை. மாணவி வராததால் நாளைக்கும் ஆசிரியை கிடைக்கப்போவதில்லை.

வீட்டு வேலையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, தம்பி தங்கையரைக் கவனிப்பது எல்லாம் மூத்த மகளின் தலையில் விழும். நம் நாட்டுத் தோட்டப்புற வாழ்க்கையை அறிந்த பாட்டிமாரைக் கேட்டால் இதே கதையைச் சொல்வார்கள். விடிவதற்கு முன் பால்மரம் வெட்டப் பெற்றோர் இருவரும் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக மூத்த பெண்ணின் படிப்பு நின்றுபோன வீடுகள் எத்தனையோ. தோட்டத்தில் பள்ளி இருந்தது. ஆயினும், பள்ளி இருப்பது வேறு. பள்ளிக்குப் போக முடிவது வேறு. ‘அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு’ என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டிருந்த சமுதாயம்தான் நம்முடையதும். இன்று நம் பல்கலைக்கழகங்களில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள் என்றால், அதற்கு நம் மனம் மட்டும் மாறியது காரணமன்று. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பள்ளிக்குப் போகும் பேருந்து, தங்கிப் படிக்கும் விடுதி, படிப்பை முடித்தால் கிடைக்கும் வேலை எனச் சூழலும் மாறியது.

திருமணம் இன்னொரு பெருந்தடை. முகாமில் வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லாத குடும்பங்கள் உணவு உதவியையே நம்பி வாழ்கின்றன. உலக உணவுத் திட்டம் ஒருவருக்கு மாதம் 12 அமெரிக்க டாலராக வழங்கிவந்த உதவியை, நிதி போதாமையால் 2023 மார்ச் மாதத்தில் 10 டாலராகவும் ஜூன் மாதத்தில் 8 டாலராகவும் குறைத்தது. பின்னர் அது படிப்படியாக உயர்த்தப்பட்டது. எனினும், இப்படிக் கையிருப்பு சுருங்கும் காலத்தில்தான் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் பேச்சு வீட்டில் தொடங்குகிறது. வயது கூடக்கூட வரதட்சணையும் கூடும் என்ற கவலை வேறு. இவ்விடத்தில் மலேசியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கு வாழும் ரோஹிங்கியா ஆடவருக்கு மணமுடிப்பதற்காக அந்தமான் கடல் வழியே படகேற்றி அனுப்பப்படும் பெண்பிள்ளைகள் இருக்கின்றனர். படகுகள் கவிழ்ந்து பலர் மாண்டதும் உண்டு. படித்துக்கொண்டிருக்க ஒரு வகுப்பு இருந்திருந்தால் அவர்களுள் எத்தனை பேர் அந்தப் படகில் ஏறியிருக்க மாட்டார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு, “அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமில்லையா?” என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மறுபாதி இங்கேதான் வருகிறது.

2020ஆம் ஆண்டு ஜனவரியில் வங்காளதேச அரசு முகாம்களில் மியன்மார் கலைத்திட்டத்தைக் கற்பிக்க இசைவு தந்தது. கோவிட் பெருந்தொற்றால் அத்திட்டம் தாமதமாகி, 2021ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை முன்னோட்டமாகத் தொடங்கியது. 2023 ஜூலையில் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது. அவ்வாண்டு ஏறத்தாழ 300,000 பிள்ளைகள் பதிந்துகொண்டதாக யுனிசெஃப் அறிவித்தது. அதுவரை இல்லாத உயர்ந்த எண்ணிக்கை அது. பெண்பிள்ளைகளைப் பொறுத்தமட்டில், கலைத்திட்ட மாற்றத்தோடு வேறு மூன்று காரியங்களும் செய்யப்பட்டன. பெற்றோரோடும் சமுதாயத் தலைவர்களோடும் உட்கார்ந்து பேசினார்கள். பெண்களுக்கு மட்டுமான வகுப்புகளைத் திறந்தார்கள். வீடு வீடாகச் சென்று மாணவியரைத் திரட்டி வகுப்பில் கொண்டு சேர்க்கும் வழித்துணைப் பெண்களை அமர்த்தினார்கள். வீட்டோடு இருந்த பதின்ம வயதுப் பெண்கள் மீண்டும் வகுப்பறைக்கு வந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே சமயம், அதே வழக்கம், அதே பெற்றோர். பாதையில் ஒரு பெண்மணி துணைக்கு வந்தாள். அறையில் ஆண்பிள்ளைகள் இல்லை. படிப்புக்கு வகுப்பு, தேர்வு என்று ஓர் ஒழுங்கு வந்தது. அவ்வளவுதான் மாறியது. அதற்கே பல பெற்றோரின் விடை ‘வேண்டாம்’ என்பதிலிருந்து ‘சரி’ என்று மாறிற்று. எல்லாரும் மாறவில்லை. மகனுக்கு ஒரு நியாயமும் மகளுக்கு வேறொரு நியாயமும் வைத்திருக்கும் தகப்பன்மார் அங்கும் இருக்கிறார்கள், எங்கும் இருக்கிறார்கள். என்றாலும், மனம் மாறும் வரை காத்திருந்துதான் கல்வி கொடுக்க வேண்டும் என்பதில்லை; பாதையை மாற்றினால் மனத்தில் ஒரு பகுதி தானாக மாறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

பெண்களைத் தனியே பிரித்து உட்கார வைப்பது பழைய வழக்கத்திற்குப் பணிந்துபோவதாகும் என்று கல்வியாளர் சிலர் வாதிடுவர். அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும், வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் பெண்ணுக்குத் தனி வகுப்பு ஒரு படி மேலேதான். என் கவலை வேறு. தனி வகுப்பு என்பது தரம் குறைந்த வகுப்பாகிவிடக் கூடாது. ஆண்பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும், பெண்பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும் என்று ஆகிவிட்டால், அவ்வகுப்பை நானும் எதிர்ப்பேன். ஒரே பாடநூல், ஒரே பாடவேளை, ஒரே தேர்வு என்றிருக்கும் வரை அறை தனியாக இருப்பதில் குறையில்லை.

உள்ளூர்ப் பள்ளியின் கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் இனத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக்குப் பிறகு இலங்கைப் போரிலிருந்து தப்பிக் கடல் கடந்து இராமேசுவரம் கரையில் இறங்கிய தமிழர்கள், தமிழ்நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களின் வாழ்க்கையும் எளிதாக இல்லை. குறுகிய வீடுகள், ஓயாத வருகைப் பதிவு, இறுக்கமான கட்டுப்பாடுகள். ஆனால், அவர்தம் பிள்ளைகள் அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிகளில் சேர்ந்து படித்தனர். பேசிய மொழியிலேயே பாடம் இருந்தது. உள்ளூர் மாணவர் எழுதிய தேர்வையே அவர்களும் எழுதினர். 1984இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களுக்குள்ளேயே கல்வி உதவிகளை ஒழுங்கு செய்தது. விளைவாக, முகாமில் பிறந்த பெண்கள் பலர் கல்லூரி வரை சென்று பட்டம் பெற்றனர். பட்டம் பெற்ற பின்னும் குடியுரிமை இல்லாமையால் தகுந்த வேலை கிடைக்காமல் தவித்தோர் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அது வேறொரு கதவு. ஆயினும், முதல் கதவு திறந்திருந்தது.

ரோஹிங்கியாப் பெண்ணுக்கு மொழியும் ஒரு சுமை. அவள் வீட்டில் பேசுவது ரோஹிங்கியா மொழி. பாடநூலில் இருப்பது பர்மிய மொழி. முகாமைச் சுற்றிலும் ஒலிப்பது வங்காளம். ரோஹிங்கியா மொழிக்கென ஹனிஃபி என்னும் எழுத்துமுறை 1980களில் உருவாக்கப்பட்டபோதும், பள்ளிப் பாடம் அவ்வெழுத்தில் இல்லை. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வாய்ப்பு நமக்கு இருப்பதால், அது இல்லாத பிள்ளையின் திணறல் நமக்கு எளிதில் புலப்படுவதில்லை.

வங்காளதேசத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மக்கள் நெருக்கம் மிகுந்த அந்நாடு, செல்வ நாடுகள் பலவும் செய்யத் தயங்கிய ஒன்றைச் செய்தது. சிட்டகாங்கிலுள்ள ஆசிய மகளிர் பல்கலைக்கழகம் ரோஹிங்கியா இளம்பெண்கள் சிலருக்கு இடமளித்ததையும் இங்கே நினைவுகூரலாம். சுமையைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்ன உலகம் பின்வாங்கியதுதான் சிக்கல். 2025ஆம் ஆண்டில் பன்னாட்டு உதவி நிதி பெரிதும் வெட்டப்பட்டது. ஜூன் மாதத்தில் கற்றல் நிலையங்கள் பல மூடப்பட்டன; ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள் வேலையிழந்தனர். வகுப்புகளுள் ஒரு பகுதியே பின்னர் மீண்டும் தொடங்கியது.

கல்வித் திட்டங்களின் செலவுப் பட்டியல்களைப் பார்த்துப் பழகியவள் என்ற முறையில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. நிதி குறையும்போது ஆசிரியர் ஊதியம், பாடநூல் போன்றவை ‘முதன்மைச் செலவு’ என்ற தலைப்பில் எப்படியோ தப்பிப் பிழைக்க முயலும். வழித்துணைப் பெண்ணின் உதவித்தொகை, பெண்களுக்கான தனி அறை, கழிப்பறைப் பராமரிப்பு ஆகியவை ‘துணைச் செலவு’ என்ற தலைப்பில் இருக்கும். முதலில் கோடு விழுவது அங்கேதான். ஆண்பிள்ளைக்கு அவை துணைச் செலவாக இருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு அவை இல்லாவிட்டால், பாடநூல் இருந்தும் பயனில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையொன்று, இடைநிலைப்பள்ளியில் சேரும் வாய்ப்பு அகதி ஆண்பிள்ளைகளைவிட அகதிப் பெண்பிள்ளைகளுக்குப் பாதியளவே இருப்பதாகக் கூறியது. அந்தப் பாதி எங்கே காணாமற்போகிறது என்று தேடினால், இத்தகைய ‘துணைச் செலவு’களில்தான் அதன் தடம் தெரிகிறது.

ஆகவே, கிடைக்கும் நிதி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வரிசையை மாற்ற வேண்டும் என்பேன். வழித்துணைப் பெண்களுக்கான தொகையை முதலில் எடுத்து வைக்க வேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பை எட்டிய பெண்களைத் துணையாசிரியைகளாகப் பயிற்றுவித்து, சிறு வகுப்புகளை அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியைப் பஞ்சம் தீர இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை. முகாமில் பெறும் சான்றிதழை வேறொரு நாட்டுக் கல்லூரியாவது ஏற்றுக்கொள்ளும்படி அரசுகள் பேசி முடிக்க வேண்டும். இந்த மூன்றாவது காரியத்திற்கு ஆண்டுகள் ஆகலாம். முதல் இரண்டும் அடுத்த பருவமழைக்கு முன்பே செய்யக்கூடியவை. 2017இல் தாயின் இடுப்பில் அமர்ந்து நாஃப் ஆற்றைக் கடந்த பெண் குழந்தைகள், இப்போது அந்தப் பன்னிரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.